ஏலமும் ஏலமும்: 'மையமற்ற' சந்தை பற்றிச் சில குறிப்புகள்

தொண்ணூறுகளில் தமிழ்ச் சிற்றிதழ்கள் 'மையம்' என்ற சொல்லோடு மல்லுக்கு நின்றன. மையத்தைக் கலைப்பதும் விளிம்பைப் பேச வைப்பதும் அன்றைக்கு ஓர் அரசியல். இன்று அதே 'மையமற்ற' என்ற அடைமொழி ஒரு வியாபாரத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கு வேண்டிய ஜிபியு எனப்படும் கணினிச் செயலிகளுக்காகப் பெரிய நிறுவனங்களின் வாசலில் நிற்க வேண்டாம். எங்கெங்கோ சும்மா கிடக்கும் இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். நடுவில் ஆளே கிடையாது என்கிறார்கள். இந்தக் கதையாடலைப் போடிநாயக்கனூரில் வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் ஏலம் இரண்டு. ஒன்று மலையில் விளைவது. மற்றது போர்த்துக்கீசியச் சொல்லாகக் கப்பலேறி வந்தது. போடியில் இரண்டும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. 'ஏலத்துல காய் என்ன விலை போச்சு?' என்ற கேள்வி இல்லாமல் அந்த ஊர்க் கடைவீதி நகராது.

இந்தச் சந்தைக்கு மையம் எது? திருவிதாங்கூர் அரசு ஏலக்காயை ஏகபோகமாக வைத்திருந்தது. மதுரைச் சீமையிலிருந்து மலையேறிப் பயிரிட்டவர்கள் விளைச்சலைச் சர்க்காரிடமே ஒப்படைக்க வேண்டும். 1896இல் அந்த முறை ஒழிந்து நிலவரி வந்தது. ராஜா போனார், முன்பணம் தரும் வியாபாரி இருந்தார். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. தோட்டம் அங்கே, சந்தை இங்கே, நடுவில் போடிமெட்டுச் சோதனைச்சாவடி. 1966இல் ஏலக்காய் வாரியம், 1987இல் அதையும் உள்ளடக்கிய நறுமணப் பொருள் வாரியம். 2007இல் மின்னணு ஏலம் வந்தது. 2021இல் போடிக் கூடத்தையும் மலைமேலுள்ள புற்றடிக் கூடத்தையும் 'மேகக் கணிமை' ஒன்றாக இணைத்தது.

திரை வந்ததும் என்ன மாறியது? முன்பு விலையை வாய்விட்டுக் கூவினார்கள். யார் ஏற்றுகிறார், யார் பின்வாங்குகிறார் என்று கூடமே பார்த்தது. இப்போது விரல் பொத்தானில். மாறாமல் நிற்பவை மூன்று. வாரியத்தின் உரிமம் பெற்ற ஏலதாரர் இன்னும் இருக்கிறார். விளைவித்தவர் கைக்குப் பணம் அவர் வழியாகத்தான் வருகிறது. மாதிரிப் பொட்டலம் பிரிக்கப்படுகிறது. பச்சை நிறம், பருமன் பார்த்து, காயை உடைத்துப் பல்லில் கடித்த பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள். விலையைக் கம்பியில் அனுப்பலாம். நம்பிக்கையை அப்படி அனுப்ப முடியவில்லை.

இனி ஜிபியு சந்தைக்கு வருவோம். 2020இல் தொடங்கிய 'ஆகாஷ்' வலையமைப்பில் 2023 முதல் ஜிபியுவும் வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கே நடப்பது தலைகீழ் ஏலம். வேண்டுபவர் தன் தேவையை அறிவிக்கிறார். இயந்திரக்காரர்கள் விலை சொல்கிறார்கள். அவர் ஒருவரைத் தேர்கிறார். அது ஒரு குத்தகை ஆகிறது. முன்வைப்பாகக் கட்டிய பணம் ஓட ஓடக் கழிகிறது. பணம் தீர்ந்தால் குத்தகை முடிந்தது. இயந்திரத்தில் கிடந்த தரவும் போச்சு. ஆகவே வாடகைக்காரரின் வேலை முழுக்கக் காவல்தான்: மீதியைக் கணக்குப் பார்ப்பது, தீருமுன் மேலும் கட்டுவது, செய்ததை அவ்வப்போது வேறிடத்தில் பிரதியெடுப்பது.

ஆனால் கடித்துப் பார்க்க அங்கே காய் இல்லை. முகம் தெரியாத இயந்திரம் சொன்னபடி இருக்குமா? அதற்குத்தான் தணிக்கையாளர். அவர் கையொப்பமிட்ட இயந்திரக்காரர்கள் மட்டுமே விலை சொல்லலாம் என்று வாடகைக்காரர் நிபந்தனை வைக்கலாம். வாசல் வழியாக அனுப்பிய ஏலதாரர் கொல்லை வழியாகத் திரும்புகிறார். இன்னொன்று: இயந்திரங்கள் சிதறிக் கிடக்கலாம்; அவற்றிலுள்ள செயலிகளை வடிவமைப்பது பெரும்பாலும் என்விடியா என்ற ஒரே நிறுவனம். உயர்ரகச் செயலிகளை வார்ப்பது தைவானின் டிஎஸ்எம்சி. ஏலக்காய்க்காவது ஆயிரக்கணக்கான சிறு தோட்டங்கள் உண்டு.

அதிகாரம் ஓரிடத்தில் குந்தியிருப்பதில்லை, உறவுகளின் ஊடாக ஓடுகிறது என்று ஃபூக்கோ வழியாகப் படித்தோம். அந்தப் பாடத்தைச் சந்தைக்காரர்கள் தங்களுக்குத் தோதாக எடுத்துக்கொண்டு, மையம் தென்படாவிட்டால் அதிகாரமே இல்லை என்கிறார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ அதிகபட்சம் 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தைய ஆண்டு வெள்ளமும் அந்த ஆண்டு வறட்சியும் விளைச்சலைக் குறைத்திருந்தன. பலருக்கு விற்கக் காய் இல்லை. திரையில் தெரிந்த எண்ணில் அது தெரியாது. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, காயெடுத்து, இருட்டில் இறங்கும் பெண்களின் கூலியும் தெரியாது. ஜிபியு சந்தையின் திரையிலும் மணிக்கு இன்ன விலை என்ற எண்தான் உண்டு. மின்சாரம் யாருடையது, சூட்டைத் தணிக்கும் தண்ணீர் எந்த ஊருடையது என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது.

எனவே 'மையமற்ற' என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டியவை போடிக் கூடத்தின் பழைய கேள்விகள்தான். மாதிரியைப் பார்ப்பவர் யார்? பணத்தைப் பிடித்து வைத்திருப்பவர் யார்? தகராறு வந்தால் தீர்ப்பு யாருடையது? காயெடுத்தவருக்கு என்ன கிடைத்தது?