கல்லின் வயது



கல்வெட்டு ஒன்றைக் கண்டால் அதன் காலத்தை ஒருவாறு கணித்துவிடலாம். எழுத்தின் வடிவமும், மன்னன் பெயரும், அவனது ஆட்சியாண்டும் நமக்குத் துணை நிற்கும். ஆனால் அவ்வெழுத்தைத் தாங்கி நிற்கும் கல்லுக்கு வயது என்ன? அதன்மேல் எவரும் ஆண்டு பொறித்து வைக்கவில்லை. எனினும் கல் தன் பிறப்பைத் தன்னுள்ளேயே குறித்து வைத்திருக்கிறது. அக்குறிப்பைப் படிக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன். அது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் தொடங்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அறிஞர் பலர், கிரானைட்டு என்னும் கருங்கல்லே உலகின் முதற்கல் என்று நம்பினர். ஆதியில் உலகை மூடியிருந்த கடலிலிருந்து அது படிந்தது, ஏனைய பாறைகள் அதற்குப் பின்னரே அமைந்தன என்பது அவர்கள் கொள்கை. எடின்பரோ நகரில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹட்டன் இதனை ஏற்கவில்லை. நிலத்தின் அடியில் உருகிய குழம்பாய் இருந்த கிரானைட்டு, பழைய பாறைகளுக்குள் புகுந்து இறுகியது என்று அவர் கருதினார். 1785-ஆம் ஆண்டில் டில்ட் ஆற்றின் பள்ளத்தாக்கில் அவருக்குச் சான்று கிடைத்தது. கரிய பாறைகளைப் பிளந்துகொண்டு செந்நிறக் கிரானைட்டு, நரம்பு நரம்பாக ஓடியிருக்கக் கண்டார். பிளக்கப்பட்டது மூத்தது, பிளந்து புகுந்தது இளையது. அவர் அடைந்த மகிழ்ச்சியைப் பார்த்து, உடன்வந்த வழிகாட்டிகள் பொன்னோ வெள்ளியோ அகப்பட்டுவிட்டது என்று எண்ணினார்களாம். அவருடைய நண்பர் பிளேஃபேர் இதனை எழுதி வைத்திருக்கிறார்.

எது முந்தியது, எது பிந்தியது என்பதை ஹட்டன் நிலைநாட்டினார். எத்தனை ஆண்டு முந்தியது என்று கூற அவரிடம் கருவி ஏதும் இல்லை.

அவ்வினாவுக்குக் கணக்கின் மூலம் விடை காண முயன்றவர், பௌதிக மேதை கெல்வின். உருகிய கோளமாயிருந்த பூமி குளிர்ந்து இன்றைய நிலையை அடைய எத்தனை காலம் ஆகும் என்று கணக்கிட்டு, 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்குள் என்று 1862-இல் அறிவித்தார். 1897-இல் அதனை 2 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டுகள் எனச் சுருக்கினார். உயிரினங்கள் சிறிது சிறிதாக மாறி வளர்ந்தன என்ற டார்வினுக்கு இக்கணக்கு பெருந்தடையாயிற்று. நிலநூலார் மலைகளின் தேய்வைக் காட்டி, காலம் போதாது என்று முறையிட்டனர். ஆயினும் கெல்வினின் புகழுக்கு எதிரே அவர்கள் குரல் எடுபடவில்லை.

ஒருகாலத்தில் கெல்வினுக்கு உதவியாளராயிருந்த ஜான் பெர்ரி, 1895-இல் துணிந்து மறுப்புரைத்தார். பூமியின் உட்பகுதி, மேற்பகுதியைக் காட்டிலும் எளிதாக வெப்பத்தைக் கடத்துமாயின் அதன் வயது பன்மடங்கு உயரும் என்று அவர் காட்டினார். பெருக்கலிலும் வகுத்தலிலும் குறையில்லை. எடுத்துக்கொண்ட அடிப்படையிலேயே குறை இருந்தது. வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திய நாளெல்லாம் நான் மாணவர்க்கு வற்புறுத்தி வந்ததும் இதுவே: விடையைச் சரிபார்ப்பதற்கு முன், தொடங்கிய இடத்தைச் சரிபாருங்கள்.

இதற்கிடையே 1896-இல் யுரேனியத்தின் கதிரியக்கத்தை பெக்கரல் கண்டறிந்தார். கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றும் தனக்குரிய மாறாத வேகத்தில் சிதைந்து வேறு பொருளாகிறது என்று ரூதர்ஃபோர்டும் சாடியும் விளக்கினர். யுரேனியம் இறுதியில் காரீயமாகிறது என்பதைக் கொண்டு, அமெரிக்கரான போல்ட்வுட் 1907-இல் கனிமங்கள் பலவற்றின் வயதைக் கணித்தார். அவர் பெற்ற மிகப்பெரிய எண் 220 கோடி ஆண்டுகள். அது இலங்கையில் கிடைத்த தோரியனைட்டு என்னும் கனிமத்திற்கு உரியது. அக்கனிமத்தை 1904-இல் கண்டெடுத்தவர், பின்னாளில் கலை மேதையாக உலகம் போற்றிய ஆனந்த குமாரசாமி என்பதை நாம் நினைவிற் கொள்ளலாம். காரீயத்தில் பலவகை உண்டு என்பது அன்று தெரியாமையால் இவ்வெண்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. ஆயினும் வழி திறந்துவிட்டது. 1911-இல், இருபத்தொரு வயதே நிரம்பிய ஆர்தர் ஹோம்ஸ், நார்வே நாட்டுப் பாறை ஒன்றின் வயதை 37 கோடி ஆண்டுகள் என வெளியிட்டார்.

இனி, கிரானைட்டின் வயதை இன்று எவ்வாறு அளக்கின்றனர் என்பதைக் கூறுகிறேன். கிரானைட்டினுள் ஸிர்க்கான் என்னும் நுண்ணிய படிகங்கள் உண்டு. அவை உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும். காரீயத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆகவே அவற்றுள் இன்று காணும் காரீயம், ஏறக்குறைய முழுதும் பின்னர் யுரேனியத்திலிருந்து பிறந்ததே. யுரேனியத்திலும் இரு வகை உண்டு. ஒன்று பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். மற்றொன்றுக்கு 70 கோடி ஆண்டுகள் போதும். ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள்! இரண்டும் ஒரே காலத்தைக் காட்டினால் அவ்விடையை நம்பலாம். மாறுபட்டால், இடையில் அப்படிகத்திற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

சில படிகங்களின் நடுவே இன்னும் பழைய ஸிர்க்கான் கரு இருப்பதுண்டு. முன்னைய பாறை உருகியபோதும் உருகாமல் எஞ்சியது அது. ஸ்காட்லாந்தின் கிரானைட்டுகள் சிலவற்றில் இத்தகைய கருக்கள் 100 கோடி ஆண்டுகளையும் கடந்தவை. கருவின் வயதைக் கல்லின் வயதாகக் கொள்ளாதிருக்க, இரு பகுதிகளையும் தனித்தனியே அளக்கின்றனர்.

இம்முறைகளால் கிடைத்த விடையைக் கேளுங்கள். பழங்கடல் ஒன்று மூடிக்கொண்டு நிலப்பகுதிகள் மோதியதால் அம்மலைநாடு எழுந்தது. ஹட்டன் கண்ட கரிய பாறைகள், அவ்வெழுச்சியின்போது, ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் வெம்மையாலும் அழுத்தத்தாலும் உருமாறின. அம்மலைநாட்டில் அவற்றைப் பிளந்து புகுந்த கிரானைட்டுகளுள் பெரும்பாலானவை 43 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை. மூத்தது கரிய பாறை, இளையது கிரானைட்டு. சுத்தியலும் கூரிய கண்ணும் மட்டுமே கொண்டு ஹட்டன் கண்ட முறையை, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த எண்கள் அப்படியே உறுதி செய்கின்றன. கணக்கறிந்த மேதை கூறியதை ஏற்காமல், மலையைப் பார்த்துக் காலம் போதாது என்று முறையிட்டார்களே அந்நிலநூலார், அவர்கள் கேட்ட காலத்தையும் அக்கல்லே கொடுத்துவிட்டது.