சோழி வைத்து நிலவைக் கணக்கிட்டவர்

2025 செப்டம்பர் 7 ராத்திரி முழுச் சந்திர கிரகணம். ஓமந்தூரில் எங்க வீட்டு மொட்டை மாடியில் அம்மாவோடு நின்றிருந்தேன். 9:57-க்குப் பிடிக்கும் என்று போன் சொன்னது. "இதெல்லாம் பஞ்சாங்கத்துல எப்பவோ போட்டாச்சுடா" என்றார் அம்மா. நான் சிரித்துவிட்டேன்.

சிரித்திருக்கக் கூடாது. ஏன்னா, பக்கத்துப் புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழர், பஞ்சாங்கம் கணிப்பவர், சோழிகளைத் தரையில் வைத்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட கிரகணம் அது. அவரிடம் கேட்டு எழுதி வைத்தவர், மெட்ராஸ் வானாய்வகத்தில் முன்பு பொறுப்பில் இருந்த ஜான் வாரன். அதே ஆண்டு வெளிவந்த 'கால சங்கலித' நூலில் இது இருக்கிறது.

பேப்பர் இல்லை, பேனா இல்லை. கூட்டிக் கழிக்கச் சோழி. அட்டவணை முழுக்க மனப்பாடம். எண்களை எழுத்தாக்கி, எழுத்துகளைச் சொற்றொடராக்கி வைத்திருந்தார்கள். அதுதான் வாக்கியம், வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பேரும் அதனால்தான். நிலவுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. ஏன் 248? நிலவு பூமிக்குக் கிட்டே வந்தால் வேகமாகவும், தள்ளிப் போனால் மெதுவாகவும் நகரும். இந்த வேக மாற்றம் ஒரு சுற்று முடிய சுமார் 27.55 நாள். ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட 248 நாள். பிறகு மறுபடியும் முதல் வாக்கியம்.

1952-ல் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகெபவர் இந்தக் கணக்கைச் சரிபார்த்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. மனப்பாடக் கணக்குக்கு இது சாதாரணமா?

அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒன்றும் தெரியாது, ஞாபகசக்தி மட்டுமே உண்டு என்பது வாரனின் கருத்து. இருக்கலாம். ஆனால் புரியாதவரும் தவறாமல் சுமந்து போகும்படி யாரோ அந்த அறிவைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்களே! என் போன் எப்படிக் கணக்குப் போட்டது என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 அன்று, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று ஊரே கொண்டாடியது. நானும்தான். சோழிக்காரரைப் பற்றி எங்க பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அதைத்தான்டா நானும் சொன்னேன்" என்றார்.