நொண்டும் ஆடு: ஒரு குளம்பு நோயின் வரலாறு

குர்பானுக்குத் தகாத பிராணிகளைப் பற்றி பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நம்மில் பலருக்குப் பழக்கமானது. கண் பழுதானது, நோயுற்றது, நொண்டுவது, மெலிந்து எலும்பானது என்ற நான்கும் அதில் விலக்கப்பட்டுள்ளன. இவற்றில் நொண்டுதலுக்கு ஷாபிஈ சட்ட அறிஞர்கள் ஓர் அளவுகோல் வைத்தார்கள். மேய்ச்சலுக்குப் போகையில் மற்ற ஆடுகள் முந்திப்போய் நல்ல புல்லை மேய்ந்துவிட, ஓர் ஆடு பின்தங்குமானால் அதன் நொண்டுதல் வெளிப்படையானது. இந்த அளவுகோலைச் சந்தையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிரயோகிக்க ஏலாது. மந்தையோடு நடந்தவனுக்குத்தான் அது விளங்கும். ஆகவே கேள்வி வாங்குகிறவனிடம் தொடங்கவில்லை, வளர்க்கிறவனிடம் தொடங்குகிறது. ஆடு ஏன் நொண்டுகிறது என்பதை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்ற வரலாற்றை நான் தேடிப் படித்ததும் அந்தக் கேள்விக்காகத்தான்.

செம்மறிகள் நொண்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. முள் குத்தலாம், மூட்டு வீங்கலாம், குளம்புக்குள் சீழ் கட்டலாம். ஆனால் செம்மறி வளர்க்கும் பல நாடுகளில் பெரும்பங்கு குளம்பழுகல் நோயினுடையது. முதலில் இரு குளம்புகளுக்கு இடையிலுள்ள தோல் சிவந்து ஈரமாகும். பிறகு குளம்பின் கொம்புப் பகுதி உள்ளிருக்கும் உயிர்த்தசையிலிருந்து கழன்றுபோகும். அதன் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவன் மறக்கமாட்டான். முன்னங்கால்கள் இரண்டிலும் நோய் கண்ட ஆடு முழங்காலில் நின்று மேயும். எடை இறங்கும், தாயாட்டின் பால் குறையும், குட்டி வளராது.

ஆடு வளர்க்கிறவர்களைக் கேட்டால், "ஈரத்துல நிண்டா குளம்பு அழுகும்தானே" என்பார்கள். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதுவே பேச்சு. சதுப்பு நிலம், மழை, நீண்டு வளர்ந்த குளம்பு ஆகியவையே குற்றவாளிகள். தொற்று என்று சொன்னவர்களும் இருந்தார்கள், ஆனால் எதிலிருந்து தொற்றுகிறது என்பதை அவர்களால் காட்ட முடியவில்லை. 1904இல் அமெரிக்காவில் மோலர், வாஷ்பர்ன் என்ற இருவர் ஒரு பற்றீரியாவைச் சுட்டினார்கள். அது சாணத்திலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பது. அப்படியானால் நோய் எங்கேயும் எப்போதும் வரலாம், ஒழிக்க வழியில்லை என்றாயிற்று. பழி மறுபடியும் மண்ணின் மேலேயே விழுந்தது.

இந்த எண்ணத்தை உடைத்தவர் அவுஸ்திரேலியரான வில்லியம் பெவரிட்ஜ். 1908இல் பிறந்த இவர் பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விலங்கு நோயியல் பேராசிரியராக இருந்தார். சிட்னியில் செய்த ஆய்வுகளை 1941இல் வெளியிட்டபோது அவர் இரண்டு விஷயங்களை நிறுவினார். ஒன்று, இந்நோய்க்கு இன்றியமையாத தனிப் பற்றீரியா ஒன்று உண்டு. டைக்கலோபக்டர் நோடோசஸ் என்று இன்று வழங்குவது அதுதான். மற்றது, அது ஆட்டின் காலில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும், ஆனால் மேய்ச்சல் நிலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்காது.

இரண்டாவது செய்திதான் பெரியது. ஈரம் கதவைத் திறக்கிறது. தோல் ஊறி இளகியதும் சாணத்திலுள்ள பற்றீரியா முதலில் புகுந்து வழிவிட, நோடோசஸ் பின்னால் வந்து குளம்பைக் கழற்றுகிறது. ஆனால் நோடோசஸ் இல்லாத மந்தை எவ்வளவு ஈரத்தில் நின்றாலும் குளம்பழுகல் வராது. நோய் நிலத்தில் இல்லை, காலில் இருக்கிறது என்றால் அதை ஒழிக்கலாம். நோயுள்ள ஆட்டைக் குணப்படுத்து அல்லது நீக்கு, நிலத்தை இரண்டு வாரம் வெறுமையாய் விடு, புதிதாய் வரும் ஆட்டைத் தனியே வை. இந்தக் கணக்கை நம்பி அவுஸ்திரேலிய மாநிலங்கள் இறங்கின. நியூ சவுத் வேல்ஸ் 1988இல் திட்டம் தொடங்கி, 2009இல் மாநிலம் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவித்தது. வசதி படைத்த நாட்டுக்குத்தான் இது சரிவரும் என்றும் சொல்வதற்கில்லை. நேபாளத்தின் லம்ஜுங், கோர்க்கா மாவட்டங்களில் மலையேறி இறங்கும் மந்தைகளில், அங்கே பரவியிருந்த பற்றீரியா வகைகளுக்கென்றே தடுப்பூசி தயாரித்துப் போட்டு, கடுமையான குளம்பழுகலை இல்லாமலாக்கினார்கள்.

பிரித்தானியாவின் கதை வேறு. அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வைத்தியம் கத்தி. நொண்டும் ஆட்டைப் புரட்டிப்போட்டு, கழன்ற குளம்பை இரத்தம் வரும்வரை செதுக்குவார்கள். பிறகு மயில்துத்தக் கரைசலிலோ போர்மலினிலோ காலை நனைப்பார்கள். செதுக்காதவன் சோம்பேறி என்பது ஊர் வழக்கு. வோரிக் பல்கலைக்கழகத்தில் லோரா கிறீனும் அவருடைய சகாக்களும் இந்த வழக்கத்தையே சோதனைக்கு எடுத்தார்கள். செதுக்காமல் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் மருந்துத் தெளிப்பும் மட்டும் பெற்ற ஆடுகளே விரைவாகச் சுகமாயின. செதுக்கியவற்றுக்குச் சுணங்கியது. பரிவோடு செய்த வேலைதான் வலியை நீட்டியிருக்கிறது.

அதே குழுவினரின் இன்னொரு கண்டுபிடிப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நொண்டும் ஆடுகளின் வீடியோக்களை விவசாயிகளுக்குக் காட்டியபோது, இலேசாகக் கால் வலிக்கும் ஆட்டையும் அவர்கள் சரியாகவே இனங்கண்டார்கள். ஆனால் பலர் அந்த ஒன்றுக்காக மந்தையை மடக்கமாட்டார்கள். நொண்டுதல் கடுமையாகும்வரை, அல்லது பல ஆடுகள் நொண்டும்வரை காத்திருப்பார்கள். அதற்குள் ஒரு கால் பல கால்களுக்குக் கொடுத்துவிடும். குறை கண்ணில் இல்லை, எழுந்து போவதில் இருந்தது.

2011இல் பிரித்தானியாவின் பண்ணை விலங்கு நலச் சபை ஓர் இலக்கு வைத்தது. அப்போது ஏறத்தாழ 10 வீதமாகக் கருதப்பட்ட நொண்டுதலை 2016க்குள் 5 வீதத்துக்கும், 2021க்குள் 2 வீதத்துக்கும் இறக்க வேண்டும். இங்கிலாந்து மந்தைகளில் எடுத்த கணக்கெடுப்புகளின்படி 2004இல் 10.6 வீதமாயிருந்த சராசரி 2013இல் 4.9 ஆயிற்று. புதிய சட்டம் ஒன்றும் வரவில்லை. செதுக்குவதைக் குறைத்தார்கள், முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தார்கள். 2014இல் இவையெல்லாம் ஐந்து அம்சத் திட்டமாகத் தொகுக்கப்பட்டன: திரும்பத் திரும்ப நொண்டுவதை மந்தையிலிருந்து நீக்குதல், உடனே மருந்திடுதல், புதிதாய் வந்ததைத் தனிமைப்படுத்துதல், தொற்றும் இடங்களைத் தவிர்த்தல், தடுப்பூசி.

நம் நாட்டில் செம்மறி குறைவு; வடக்கில் யாழ்ப்பாண இனம் உண்டு, மற்றப்படி நம் குர்பான் மாடும் வெள்ளாடும்தான். அப்படியிருக்க இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். குளம்பழுகல் வெள்ளாட்டுக்கும் வரும் என்பது ஒரு பதில். நம் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது இன்னொரு பதில். 13ஆம் நூற்றாண்டின் ஷாபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், 'கவாஇதுல் அஹ்காம்' என்ற தம் நூலில் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை எண்ணிச் சொல்கிறார். நோயுற்றுப் பயன்படாது போனாலும் அதைப் பராமரிக்கும் செலவு உரியவன் மேல். அதற்குத் தீங்கு செய்யும் பிராணியோடு அதைச் சேர்த்து அடைக்கவும் கூடாது. தொற்றுள்ள ஆட்டைத் தனியே வைப்பதை இதன் கீழ் கொண்டுவருவது தூரமான கியாஸ் அல்ல என்றே எனக்குப் படுகிறது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம் பட்டியில் போய், "மௌலவி, இது நொண்டுதா பாருங்க" என்று கேட்பது நல்லதுதான். ஆனால் அன்று ஒதுக்கிவிடும் ஆடு எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. நம் கடமைக்குத் தகாதது என்று நாம் விட்டுவந்த பிராணி, அதே காலோடு அதே பட்டியில்தான் நிற்கிறது. தகுதியான ஆட்டைத் தேடும் சமூகம் வளர்ப்பவனிடம் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகட்டும்: நொண்டியதற்கு எத்தனை நாளில் மருந்து போட்டீர்கள்? அதை எங்கே பிரித்து வைத்தீர்கள்?