நோயாளிகளின் டிஜிட்டல் படங்கள்: பாதுகாப்பும் இசைவும்

தீக்காயம் ஆறுகிறதா, தோலில் உள்ள மச்சம் பெரிதாகிறதா என்பதைக் கண்காணிக்க மருத்துவர்கள் நோயாளிகளைப் புகைப்படம் எடுப்பது நீண்டகால வழக்கம். முன்னர் இப்படங்கள் மருத்துவமனைக் கோப்புகளுக்குள் இருந்தன. டிஜிட்டல் கேமராவும் செல்பேசியும் வந்தபின், ஒரே படம் நொடிப்பொழுதில் பல இடங்களுக்குச் சென்றுவிடக்கூடும்.

இதன் ஆபத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த சம்பவம் உணர்த்தியது. அங்குள்ள லீஹை வேலி மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளில் 2023ஆம் ஆண்டு ஊடுருவியவர்கள் கப்பம் கோரினர். நிர்வாகம் மறுத்ததை அடுத்து, கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக எடுக்கப்பட்ட புற்றுநோயாளிகளின் ஆடையற்ற படங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டன. இது தொடர்பான வழக்கில் 6.5 கோடி டாலர் வழங்க 2024இல் அந்நிறுவனம் இணங்கியது.

இசைவு

பிரிட்டனில் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவ மன்றத்தின் வழிகாட்டலின்படி, சிகிச்சைக்காக எடுக்கப்படும் படம் மருத்துவப் பதிவேட்டின் ஒரு பகுதியாகும். எனவே ஏனைய குறிப்புகளுக்குரிய இரகசியக் காப்பு இதற்கும் உண்டு. படம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதை நோயாளிக்கு விளக்கி இசைவு பெற வேண்டும். பொது ஊடகங்களில் வெளியிடுவதாயின், வழமையாக எழுத்துமூல இசைவு தேவை.

கண்களை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது போதாது என மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு கூறுகிறது. தழும்பு, பச்சை குத்திய அடையாளம் போன்றவையும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கலாம். படக்கோப்பினுள் நேரமும் இடமும் பதிவாகியிருக்கவும் கூடும்.

சேமிப்பு

தனிப்பட்ட செல்பேசியில் எடுக்கும் படம், மருத்துவர் அறியாமலேயே இணையச் சேமிப்பகத்துக்குச் செல்லக்கூடும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2018இல் வெளியிட்ட வழிகாட்டல், தகவல் பரிமாற்றச் செயலிகளைச் செல்பேசியின் படத்தொகுப்பிலிருந்து துண்டிக்குமாறும், தகவல்களை மருத்துவப் பதிவேட்டில் சேர்த்தபின் செயலியிலிருந்து அழித்துவிடுமாறும் கூறியது.

அதேவேளை, பதிவேட்டில் சேர்ந்த படத்தை எவரும் நினைத்தபடி அழிக்கவோ திருத்தவோ இயலாது. நோயாளியின் அடையாள எண் இல்லாத படம் வேறொருவரின் கோப்பில் சேர்ந்தால், சிகிச்சையே தவறிவிடலாம். இதனால் முதலில் அடையாளச் சீட்டைப் படமெடுத்து, அதன் பின்னரே நோயாளியைப் படமெடுக்கும் நடைமுறை பல இடங்களில் உண்டு.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இவ்விடயத்தில் தனி அக்கறை உண்டு. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான, ஐ.நா. ஏற்ற இஸ்தான்புல் நெறிமுறை, காயங்களைப் படமெடுக்கப் பரிந்துரைக்கிறது. தஞ்சம் கோரும் ஒருவருக்கு அத்தகைய தழும்பின் படம் முக்கிய சான்றாகலாம். அது தவறானவர்களின் கைகளுக்குச் சென்றால், தாயகத்தில் உள்ள அவரது குடும்பத்துக்கே ஆபத்தாகவும் முடியலாம்.