முன்நெற்றித் தழும்பு முடியிழப்பு

முன்நெற்றி மயிர்க்கோடு மெல்லப் பின்வாங்கும் அழற்சி நோய். ஆங்கிலப் பெயர் ஃபிரான்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா. 1994இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட், மாதவிடாய் நின்ற பெண்களிடம் கண்டு விவரித்தார். பலருக்குப் புருவமே முதலில் உதிரும். அதை வயதின் அடையாளம் என்று விட்டுவிடுவதுதான் பெரும் இழப்பு. மயிர்க்காலின் மேற்பகுதியில் குருத்தணுக்கள் இருக்குமிடத்தை நிணவணுக்கள் தாக்க, அங்கே தழும்பு விழுகிறது. தழும்பான இடத்தில் மினாக்சிடில் உட்பட எதனாலும் முடி மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே எஞ்சியதைக் காப்பதே சிகிச்சை: டிரையம்சினோலோன் ஊசி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை (விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்), டூட்டாஸ்டெரைடு. கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு டூட்டாஸ்டெரைடு ஆகாது. அது ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும்.