சம்பளத்தின் நிழலில் வளர்ந்த கலாநிதிகள்

கண்டியில் யாரிடமாவது புலமைப்பரிசில் என்று சொல்லிப் பார்த்தால், ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக்காக விடிய எழும்பிப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைதான் அவர் நினைவுக்கு வரும். இருபத்தைந்து வயதில் முதுதத்துவமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ பதிந்துகொண்ட ஒருவருக்கு மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம் வருகிறது என்றால், அதை எந்தச் சொல்லால் குறிப்பது என்று வீட்டாருக்கே தெரியாது. இது மொழியின் குறை இல்லை. 1945இல் நடைமுறைக்கு வந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து முதற் பட்டம் வரை ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், பட்டமளிப்பு மண்டப வாசலில் கையை விட்டுவிடுகிறது. அதற்கு மேல் படிக்கிறவர் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். அப்படியானால் கண்டியிலிருந்து நான்கு மைல் தொலைவில் உள்ள பேராதனையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இத்தனை கலாநிதிகள் எப்படி உருவானார்கள்? ‘புலமைப்பரிசில் பெற்று லண்டன் போனார்’ என்று நினைவு மலர்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த வரி பாதி உண்மைதான். பேராதனையில் யாருக்கும் படிப்பதற்காகப் பணம் கொடுக்கப்படவில்லை. படிப்பிப்பதற்காகக் கொடுத்த சம்பளத்தின் நிழலில்தான் படிப்பு வளர்ந்தது. ஆய்வு என்பது உத்தியோகத்தின் ஒரு கிளையாக இருந்தது. உத்தியோகம் இல்லாதவருக்கு அந்தக் கிளையும் எட்டவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய காலத்தில் நிலைமை இன்னும் குறுகியது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு கொடுத்த பரிசில் ஒருவரை இருவரைப் பொறுக்கியெடுத்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது. 1870இல் அதைப் பெற்ற பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். அப்படிப் போனவர்கள் சிவில் சேவைக்கும் வழக்குமன்றத்துக்கும் தயாரானார்கள். நூலகத்துக்குத் திரும்பும் நோக்கம் அந்த ஏற்பாட்டிலேயே கிடையாது. அதே அருணாசலம்தான் 1906இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் கூட்டிப் போராடினார். ஒருவரை அனுப்பும் செலவில் பலரை இங்கேயே படிப்பிக்கலாம் என்பது எளிய கணக்கு, ஆனால் அது கைகூட நெடுங்காலம் பிடித்தது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. பட்டம் என்னவோ லண்டனுடையதுதான். இடம் எது என்ற சண்டை தும்பறை, அருப்பொல என்று கண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பேராதனையில் ஓய்ந்தது. 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் 904 மாணவருடன் கொழும்பில் பிறந்தது. 1952இல் பெரும்பகுதி மலையேறியது. 1954 ஏப்ரலில் எலிசபெத் அரசியார் பார்த்திருக்க எடின்பரோ கோமகன் அதை முறைப்படி திறந்துவைத்தார். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் விடுதிப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கனவு கண்டார். அரசின் பணம் மகாவலிக் கரையில் கல்லாகவும் ஓடாகவும் விடுதி மண்டபங்களாகவும் எழுந்து நின்றது. பட்டப்பின் படிப்பு மாணவனுக்கென ஒரு வாழ்க்கைப்படி அந்தக் கனவில் பெரிய இடம் பெறவில்லை. அதற்கு ஜெனிங்ஸைக் குறைசொல்ல முடியாது. புதிதாகப் பிறந்த பல்கலைக்கழகத்தின் முதல் கவலை, யார் வகுப்பெடுப்பது என்பதுதான்.

அந்தக் கவலைக்குக் கண்ட வழி எளிமையானது, அக்காலத்துக்குப் புத்திசாலித்தனமானதும்கூட. சிறப்புப் பட்டத்தில் மேல் வகுப்புப் பெற்றவரை உதவி விரிவுரையாளராக எடு. ஓரிரு ஆண்டு வகுப்பெடுக்கவிடு. பிறகு கற்கை விடுமுறையில் வெளிநாட்டுக்கு அனுப்பு. கலாநிதியாகத் திரும்பியதும் பதவியை உறுதிசெய். தமிழ்த் துறையை எடுத்துப் பார்த்தால் இந்த வழி எவ்வளவு வேகமாக ஒரு தலைமுறையையே மாற்றியது என்பது விளங்கும். 1943இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலாநந்தர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. கலாநிதிப் பட்டம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த கணபதிப்பிள்ளை, 7ஆம், 8ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை லண்டனில் ஆராய்ந்தவர். வித்தியானந்தன் பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் லண்டனில் பட்டம் பெற்றார். வரலாற்றுத் துறையில் இந்திரபாலா 1965இலும் பத்மநாதன் 1969இலும் அதே லண்டனில் முடித்தார்கள். கைலாசபதியின் பாதைதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. தினகரன் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியிலிருந்து 1960களின் தொடக்கத்தில் பேராதனைக்கு வந்தவர், தமிழ் படிப்பிக்கும் துறையே இல்லாத பேர்மிங்ஹாமுக்குப் போனார். அங்கே அவரை வழிநடத்தியவர் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் வீரப் பாடல்களின் அருகே வைத்துப் பார்த்த அந்த ஆய்வு 1966இல் நிறைவேறி 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. வேலை கிடைக்குமா என்ற பயத்தோடு படிக்கிற ஒருவர் இப்படித் துறை மாறிய துணிச்சலைக் காட்டுவாரா என்பது சந்தேகம். திரும்பிவர ஓர் இடம் உறுதியாக இருந்ததால்தான் ஆய்வில் தூரம் போக முடிந்தது. பதவியோடு ஒட்டிவந்த பணத்தின் நல்ல பக்கம் இதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். வெளிநாட்டுப் பரிசில்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருந்தன? 1951இல் கொழும்புத் திட்டம் தொடங்கியது. 1952இல் புல்பிரைட் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. 1960இல் பொதுநலவாயப் புலமைப்பரிசிலின் முதல் தொகுதி போனது. பதவி இல்லாமல் திறமையை மட்டும் வைத்துப் போனவர்களும் உண்டு. 1960இல் கணிதத்தில் முதல் வகுப்புப் பெற்ற கையோடு பொதுநலவாயப் பரிசிலில் கேம்பிரிட்ஜுக்குப் போன சந்திரா விக்கிரமசிங்க, பிரெட் ஹோயிலிடம் வானியல் படித்து உலகப் பெயர் எடுத்தார். ஆனால் அவர் வாழ்க்கை பிரித்தானியாவிலேயே அமைந்துவிட்டதையும் சேர்த்துத்தான் இந்த உதாரணத்தைச் சொல்ல வேண்டும். பரிசில் ஒருவரைத் தூக்கிச் செல்லும்; இறக்கிவைக்க ஓர் இடத்தை அது தருவதில்லை. பதவியும் எப்போதும் பிடித்துவைக்கவில்லை என்பது வேறு கதை. ஸ்ரான்லி தம்பையா கோர்னெலில் 1954இல் கலாநிதியாகித் திரும்பிவந்து, கண்டிக்கு அருகிலுள்ள பாத்ததும்பறைக் கிராமங்களின் பொருளாதாரத்தைச் சக ஆய்வாளர் சர்காருடன் சேர்ந்து ஆராய்ந்து 1957இல் நூலாக்கினார். 1960இல் நாட்டை விட்டுப் போனவர் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹாவர்ட் என்று நடந்தார். கணநாத் ஒபயசேகரவும் பேராதனையில் படிப்பித்துவிட்டுக் கடைசியில் பிரின்ஸ்டனில் பேராசிரியரானார். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்கும் 1983இன் வன்செயல்களுக்கும் பிறகு தமிழர் வெளியேறக் காரணம் சம்பளம் மட்டுமாக இருக்கவில்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

போனவர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே பிணைமுறி வந்தது. இன்றைக்கும் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேரும் ஒருவர், குறித்த ஆண்டுகளுக்குள் உயர்பட்டம் பெற்றால்தான் உறுதிப்படுத்தப்படுவார். சம்பளத்துடன் கற்கை விடுமுறை உண்டு, ஆனால் பிணையாளர்களை வைத்துக் கையெழுத்திட வேண்டும். திரும்பிவந்து உரிய காலம் பணியாற்றாவிட்டால் பணத்தைக் கட்ட வேண்டும். கண்டி இராச்சியத்தின் பழைய நடைமுறையை அறிந்தவருக்கு இது பரிச்சயமானதாகத் தோன்றும். அரசனோ விகாரையோ நிலம் கொடுத்தால் அதோடு சேவையும் ஒட்டிவரும். மேளம் அடிப்பவனுக்கு மேளத்துக்கான காணி, யானை பார்ப்பவனுக்கு யானைக்கான காணி. சேவை நின்றால் காணியும் போகும். 1830களில் ஆங்கிலேயர் இராஜகாரியம் என்ற இந்தச் சேவைமுறையை ஒழித்தார்கள், ஆனால் விகாரைக் காணிகளில் சேவைமுறை தொடர்ந்தது. பிணைமுறி அதன் வாரிசு என்று நான் சாதிக்க வரவில்லை. அது ஆங்கிலேய நிருவாகம் தந்த காகிதம். ஆனாலும் பணம் கொடுப்பது ஆளுக்கா ஆசனத்துக்கா என்ற கேள்விக்கு இரண்டும் ஒரே விடையைத்தான் தருகின்றன.

ஆசனத்துக்குத்தான் பணம் என்றால், ஆசனத்தை நெருங்கவே முடியாதவர்கள் யார் என்று கேட்க வேண்டும். பேராதனை வளாகத்தில் நின்று ஹந்தான மலையை அண்ணாந்து பார்த்தால் அந்தச் சரிவுகளிலேயே தேயிலை தெரியும். அங்கே கொழுந்து பறித்தவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். கொழும்புத் திட்டமோ பொதுநலவாயப் பரிசிலோ நாட்டுப் பிரசைக்கு நாடு கொடுப்பது; கடவுச்சீட்டு இல்லாதவருக்கு விண்ணப்பப் படிவமே இல்லை. இந்த வழி அடைபட்ட மலையகத்தவருக்குக் கண்டி நகரம் ஒரு சிறு மாற்றுக் கதவைத் திறந்தது. 1920களில் இந்திய அரசின் முகவர் அலுவலகம் கண்டியில்தான் அமைந்தது, தொழிலாளரின் முறைப்பாடு கேட்பதற்காக. பின்னாளில் அந்த இடத்தை இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் எடுத்துக்கொண்டது. 1940களில் இந்தியாவின் நன்கொடையால் உருவான தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இன்றும் அந்த அலுவலகத்தின் வழியே உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் உதவுகிறது. முதுநிலைப் படிப்புக்கு இந்தியா தரும் மௌலானா ஆசாத் பரிசில் இலங்கையர் எல்லோருக்கும் உரியது. ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு அயல்நாட்டுத் தூதரகம் படியளந்தது நல்ல விடயம்தான். பேராதனை வளாகத்தை எழுப்பிய அரசு அதைச் செய்யவில்லை என்பதை அந்த நன்றி மறைத்துவிடக் கூடாது.

இதற்கு விஞ்ஞானத் துறையார் குறுக்கே வருவார்கள், நியாயத்தோடுதான். படிக்கிறவருக்கே பணம் கொடுக்கும் முறை கண்டியில் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1975இலேயே பேராதனையில் தொடங்கியது. விஞ்ஞானத்துக்கான நிறுவகம் 1996இல் வந்தது. ஹந்தான வீதியில் இருக்கும் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. 1960இல் நாட்டை விட்டுப் போன சந்திரா விக்கிரமசிங்கதான் சில காலம் அதன் முதற் பணிப்பாளராக இருந்தார், அவருக்குப் பின் சிறில் பொன்னம்பெரும. அங்கே ஆய்வுதவியாளராகச் சேரும் பட்டதாரி மாதப்படி பெற்றுக்கொண்டே பேராதனையில் உயர்பட்டத்துக்குப் பதிந்துகொள்கிறார். உப்சாலாவின் சர்வதேச விஞ்ஞானத் திட்டம் பேராதனைப் பௌதிகவியலாருக்கும் இரசாயனவியலாருக்கும் பாதி அங்கே பாதி இங்கே என்று ஆய்வு செய்ய வழி சமைத்தது. இவை என் வாதத்தைக் கவிழ்ப்பதைவிட அதற்குத் துணை நிற்கின்றன என்றே எண்ணுகிறேன். படிப்பவருக்குப் படியளப்பது இந்த ஊரில், இந்த வளத்தில் முடியும் என்பதை அவை நிரூபித்திருக்கின்றன. ஆய்வுகூடம் இருந்தால் ஆய்வு மானியம் வரும், மானியத்தில் ஓர் உதவியாளருக்கு இடம் இருக்கும். சாசனம் படிப்பவருக்கும் கூத்து ஆராய்பவருக்கும் ஆய்வுகூடம் இல்லை. ஆகவே உதவியாளரும் இல்லை.

ஏழை நாட்டில் இளமாணி மாணவனுக்கே மகாபொல என்ற உதவிப்பணம் 1981இல்தான் வந்தது, கலாநிதிக்கு எங்கே போவது என்பது இன்னொரு மறுப்பு. அதன் பாரத்தை நான் உணர்கிறேன். ஆனால் செலவு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் சம்பளம், அவர் வராவிட்டால் பிணையாளரைத் தேடி நடப்பது, அவர் இடத்தில் தற்காலிக விரிவுரையாளர் என்று எல்லாம் கணக்கில் வேறு தலைப்பில் நிற்கின்றன, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதைவிட முக்கியமானது காலப் பொருத்தமின்மை. 1960இல் கலைப்பீடத்துக்குச் சிங்களத்திலும் தமிழிலும் படித்தவர்கள் வரத் தொடங்கினார்கள். அதுவரை ஆங்கிலத்தில் படித்து லண்டனுக்குப் போய்வந்த வழி, அவர்களில் பெரும்பாலோருக்கு நடைமுறையில் அடைபட்டது. உள்ளூரிலேயே ஆய்வு செய்ய ஊதியம் மிகவும் தேவைப்பட்ட அந்த வேளையில்தான் அது இல்லாதிருந்தது. சிலர் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். பின்னாளில் பேராதனையில் படிப்பித்த நுஃமான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானவர். சாசனத் தமிழில் தோய்ந்த வேலுப்பிள்ளை 1962இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலேயே கலாநிதிப் பட்டம் பெற்றார் என்பது உள்ளூரில் முடியும் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் அவரும் அங்கே நிற்கவில்லை. 1964இல் ஒக்ஸ்போர்டில் இரண்டாவது கலாநிதிப் பட்டத்தையும் வாங்கினார். ஒருவர் ஒரே துறையில் இருமுறை கலாநிதியாக வேண்டியிருந்ததென்றால், அந்தக் காலத்தில் எந்தப் பட்டம் நாணயமாகச் செல்லுபடியானது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது பேராதனையின் மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கின்றன. மாணவர்களில் பலர் பாடசாலை ஆசிரியர்கள், கல்வி அதிகாரிகள். வெள்ளி மாலை வரை வகுப்பெடுத்துவிட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் ஹட்டன் பக்கமிருந்து ரயிலேறிப் பேராதனைச் சந்தியில் மாறி, வளாகத்துக்கு அருகே சரசவி உயன நிலையத்தில் இறங்குகிறார்கள். கட்டணம் அவர்களுடையது, ரயில் காசும் அவர்களுடையது, ஆய்வுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லாத நாட்கள் மட்டும்தான்.