கொழுப்புத் திசு

கொழுப்புத் திசு, உண்டதில் மிஞ்சிய ஆற்றலைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும் உடற்திசு. இயக்குநீர்களைச் சுரந்து மூளை, கல்லீரல், தசை, கணையம், இதயம் ஆகியவற்றுக்குச் செய்தி அனுப்பும் நாளமில்லாச் சுரப்பியும் அதுவே. பெரும்பகுதி தோலுக்கடியில் இருக்கிறது. குடலையும் மற்ற உள்ளுறுப்புகளையும் சுற்றிப் படிவது நோய்க்கணக்கில் முக்கியமானது. 1990கள் வரை மருத்துவம் இதைச் சேமிப்புக் கிடங்காக மட்டுமே பெரிதும் பார்த்தது.

லெப்டினும் பசியும்

1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், அடங்காப் பசியோடு உருண்டு பருத்த எலிகள் சில பிறந்தன. அங்கே பணிபுரிந்த டக்ளஸ் கோல்மன் பின்னாளில் அத்தகைய எலி ஒன்றையும் சாதாரண எலி ஒன்றையும் அறுவை மூலம் ஒட்டி, இரண்டின் இரத்தமும் கலக்கும்படி செய்தார். பருத்த எலி தின்பதைக் குறைத்துக்கொண்டு இளைத்தது. ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது, பருத்த எலிக்கு அது சுரப்பதில்லை என்று கோல்மன் ஊகித்தார். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்கான மரபணுவைப் பிடித்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்புச் செல் என்பது தெரிந்தது. லெப்டின் என்று பெயரிட்டார்கள். 1997இல் பிறவியிலேயே லெப்டின் இல்லாத இரு குழந்தைகளைப் பற்றி கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி எடை இறங்கியது.

உடல் பருமனுக்கே மருந்து கிடைத்துவிட்டது என்று எழுந்த ஆரவாரம் நீடிக்கவில்லை. பருத்தவர்கள் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகம். மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. லெப்டினின் முதன்மையான வேலை பஞ்சத்தை அறிவிப்பதே என்று இப்போது பலர் கருதுகிறார்கள். பட்டினிக்கு ஓர் உதாரணம் பார்க்கலாம்: தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூரில் கபிலர் குன்று இருக்கிறது. நண்பன் பாரி இறந்து, அவன் மகளிரை ஒப்படைத்த பின், சங்கப் புலவர் கபிலர் அங்கே வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் இருந்து, உயிர்நீத்தார் என்பது மரபு.  வடக்கிருப்பவர் உடலில் தொடக்கத்திலேயே நடப்பது இது: கொழுப்பு பெரிதாகக் கரைவதற்கு முன்பே, ஓரிரு நாளில் இரத்தத்தில் லெப்டின் சரிந்துவிடும். மூளை அதைக் கண்டு தைராய்டு இயக்குநீரைக் குறைக்கும், செலவைச் சுருக்கும். பட்டினி நீண்டால் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும். கருவைச் சுமக்கும் அளவுக்குக் கையிருப்பு இல்லை என்ற செய்தி மூளைக்குப் போய்விட்டது.

மற்ற செய்திகள்

அடிப்போனெக்டின் என்ற சுரப்பு கல்லீரலையும் தசையையும் இன்சுலினுக்கு இணங்கவைக்கிறது. கொழுப்புச் செல்லில்தான் சுரக்கிறது. ஆனால் கொழுப்பு கூடக்கூட அதன் அளவு குறைகிறது. அழற்சிப் பொருளான டிஎன்எஃப்-ஆல்பா பருத்த எலிகளின் கொழுப்பில் மிகுதியாக இருப்பதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் 1993இல் ஆய்வாளர்கள் ஹோதாமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் காட்டினார்கள். வீங்கிய கொழுப்புச் செல்களைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் குவிகின்றன என்பது 2003இல் தெரியவந்தது. காய்ச்சலோ வலியோ காட்டாத இந்த மெல்லிய அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து இரத்தக்குழாய்களைப் பாதிக்கிறது. பேச்சு ஒருவழியும் அல்ல: கொழுப்பைக் கரைக்கச் சொல்லி இதயம்கூட அதற்கு இயக்குநீர் அனுப்புகிறது.

எங்கே படிகிறது என்பதே பெரிய வேறுபாடு. தொடையிலும் பிட்டத்திலும் தோலடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வரும் இரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது, அதன் கொழுப்பு அமிலங்களோடும் அழற்சிப் பொருள்களோடும். தோலடியில் இடம் போதாதபோது கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு வழிகிறது; ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வருவது அதுவே. கொழுப்புத் திசுவே ஏறக்குறைய இல்லாமல் பிறப்பவர்களுக்கும் கடுமையான சர்க்கரை நோய் வருவது இதை உறுதிசெய்கிறது. வைக்க இடமில்லாத கொழுப்பும் கெடுதிதான்.

ஒல்லியான தொப்பை

புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் படத்தையும் வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீடும் 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2. எடைப்பொறியை மட்டும் நம்பும் பழக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு கிடையாது. இந்த வேறுபாடு பிறப்பிலேயே இருக்கிறது. புனே சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு. முதுகுத் தோலடிக் கொழுப்போ ஏறக்குறைய குறையவில்லை.

சென்னையில் வி. மோகன் குழுவினர் 2001இல் தொடங்கிய ஆய்வு, வளர்சிதைக் கோளாறு உள்ளவர்களிடம் அடிப்போனெக்டின் குறைந்திருப்பதைக் கண்டது. 2023இல் வெளியான ‘ஐசிஎம்ஆர்-இண்டியாப்’ (ICMR-INDIAB) ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் பொதுவான உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5. அதாவது ஆள் பருமனில்லை, தொப்பை மட்டும் உண்டு என்ற வகையினர் கணிசம். இதே ஆய்வின் முதல் கட்டத்தில், 2011இல், தமிழகக் கிராமப்புறங்களில் சர்க்கரை நோய் 7.8 விழுக்காடாக இருந்தது.

திருக்கோவிலூர் போன்ற நெல்லும் கரும்பும் விளையும் வட்டாரத்தில் இந்த உருவம் பழக்கமானதே: மெலிந்த கைகால், வேட்டி மடிப்புக்கு மேல் சற்றே முன்தள்ளிய வயிறு. சாமையும் தினையும் உண்டு மேடேறி இறங்கிய கல்வராயன் மலை மக்களின் தட்டிலும் ரேஷன் அரிசி இடம்பிடித்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரும் சுகரும் வீட்டிலேயே பார்க்கிறார்கள். வயிற்றுச் சுற்றளவு பார்க்க ஓர் அளவுநாடாவையும் அதோடு சேர்த்தால் ஆகும் செலவு மிகச் சொற்பம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

தடுப்பு

அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39.3. இத்தனைக்கும் இவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. உழைக்கும் தசை இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். கல்லீரல் கொழுப்பு, மொத்த எடை இறங்காமலேயே இறங்கக்கூடியது.